வனேடோசீன் வேறு, வனேடோசீன் டைகுளோரைடு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் கடந்த வாரம் வெளியான வனேடோசீன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கரிம உலோக வேதியியல் என்பது பாடநூலுக்கு வெளியே தமிழில் அதிகம் பேசப்படாத துறை. அதை நாளிதழ் வாசகர்களிடம் கொண்டுவர முனைந்ததற்காகக் கட்டுரையாளரையும் தங்களையும் பாராட்டுகிறேன். ஆனால் அக்கட்டுரையில் மூன்று இடங்களில் பிழை நேர்ந்திருக்கிறது. முதலாவது வெறும் பெயர்க் குழப்பம் போலத் தோன்றினாலும் மற்ற இரண்டுக்கும் அதுவே வேராக இருப்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கட்டுரையின் முகப்புப் படத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஊதா நிறப் படிகங்கள் இருந்தன. படத்தின் கீழிருந்த குறிப்போ அவற்றைப் புற்றுநோயை எதிர்க்கும் பச்சைப் படிகங்கள் என்றது. படம் ஊதா, குறிப்பு பச்சை. அச்சகத்தில் நிறம் மாறிவிட்டது என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். நிறத்தில் தவறே இல்லை. வனேடோசீன் ஊதாதான், வனேடோசீன் டைகுளோரைடு பச்சைதான். இவை இரண்டு தனித்தனிச் சேர்மங்கள். கட்டுரை முழுவதும் இவ்விரண்டும் ஒரே பெயரில் மாறி மாறி வந்து போனதால், ஒன்றின் உருகுநிலையும் மற்றொன்றின் மருத்துவ ஆய்வும் ஒரே பொருளின் இயல்புகளாக வாசகர் மனத்தில் பதிந்துவிட்டன.

இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கார்பன் அணுக்கள் ஒரு வளையமாகவும், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு ஹைட்ரஜன் வெளிநோக்கியும் அமைந்த தட்டையான அலகு சைக்ளோபென்டாடையீனைல் வளையம் எனப்படுகிறது. இத்தகைய இரண்டு வளையங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க, அவற்றின் நடுவே ஒரு வனேடியம் அணு அமர்ந்திருப்பதே வனேடோசீன். வேறு எதுவும் அதில் இல்லை. வனேடியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை இதில் இரண்டு. அதே வனேடியத்துடன் கூடுதலாக இரண்டு குளோரின் அணுக்கள் பிணைந்து, ஆக்சிஜனேற்ற நிலை நான்காக உயர்ந்து, குளோரின்களுக்கு இடம் கொடுக்க வளையங்கள் பின்பக்கமாகச் சாய்ந்து, திறந்த சிப்பியின் வடிவத்தை அடைந்தால் அது வனேடோசீன் டைகுளோரைடு. முன்னது காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். பின்னதைத் திறந்த மேசையில் எடை போடலாம். பெயரின் வாலில் ஒரு சொல் கூடுவதால் மாறுவது இவ்வளவு.

இரு வளையங்களுக்கிடையே உலோகம் அமரும் இந்த மெட்டலோசீன் குடும்பத்தின் தொடக்கமே ஒரு தற்செயல்தான். 1951இல் கீலி, பாசன் என்னும் வேதியியலாளர்கள் இரண்டு ஐந்துகார்பன் வளையங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஃபுல்வலீன் என்னும் நீர்க்கரிமத்தைத் தயாரிக்க முயன்று, அதற்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் இரும்பு கலந்த ஒரு படிகத்தைப் பெற்றார்கள். 173 டிகிரி செல்சியஸில்தான் உருகும் அப்படிகம், காற்றுக்கும் நீருக்கும் சற்றும் அசையவில்லை. அதற்கு அவர்கள் முதலில் எழுதிய கட்டமைப்பு தவறானது. 1952இல் வில்கின்சன், வுட்வர்ட் முதலியோர் ஒருபுறமும், ஜெர்மனியில் ஃபிஷர் மறுபுறமுமாக, இரும்பு இரண்டு வளையங்களின் நடுவே அமர்ந்திருக்கிறது என்ற சரியான விளக்கத்துக்கு வந்தனர். ஃபெர்ரோசீன் என்ற பெயர் நிலைத்தது. ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. (வுட்வர்டுக்கு அதில் பங்கு இல்லாமற்போனது குறித்த மனக்குறை வேதியியலாளரிடையே இன்றும் உண்டு. அவர் வேறு பணிக்காக 1965இலேயே அப்பரிசைப் பெற்றிருந்தார் என்பது வேறு செய்தி.) இரும்புக்குக் கிடைத்த இருக்கை பிற இடைநிலை உலோகங்களுக்கும் கிடைக்குமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 1954இல் வில்கின்சனும் பர்மிங்காமும் டைட்டேனியம், சிர்கோனியம், வனேடியம், நியோபியம், டேன்டலம் ஆகியவற்றின் வளையச் சேர்மங்களை வெளியிட்டபோது வனேடோசீன் டைகுளோரைடு முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. அதை ஒடுக்கிப் பெற்றதே வனேடோசீன். வரிசையில் இரண்டாவதாகப் பிறந்த எளிய சேர்மத்துக்கு முதல் பெயரும், முதலில் பிறந்ததற்கு வால் நீண்ட பெயரும் அமைந்ததில்தான் குழப்பத்தின் விதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உண்மையில் ஆள்மாறாட்டம் என்பது வனேடியத்துக்குப் புதிதல்ல. 1801இல் மெக்சிகோவில் ஆண்ட்ரெஸ் மனுவேல் டெல் ரியோ ஈயத் தாது ஒன்றில் புதிய தனிமம் இருப்பதைக் கண்டு, அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் பான்குரோமியம் என்றும், பிறகு அவை சூடாக்கும்போது சிவந்ததால் எரித்ரோனியம் என்றும் பெயரிட்டார். பாரிசில் தாதுவைச் சோதித்த கோலே டெஸ்கோட்டில் என்னும் வேதியியலாளர் அது குரோமியமே என்று தீர்ப்புச் சொல்ல, டெல் ரியோவும் தம் கண்டுபிடிப்பைக் கைவிட்டார். 1830இல் சுவீடனில் செஃப்ஸ்ட்ரோம் அதே தனிமத்தை இரும்புத் தாதுவிலிருந்து மீண்டும் கண்டெடுத்து, வனாடிஸ் என்னும் நார்ஸ் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டே டெல் ரியோவின் தாதுவில் இருந்ததும் இதுவே என்று வோலர் உறுதிப்படுத்தினார். அதோடும் முடியவில்லை. பெர்சீலியஸ் தூய வனேடியம் என்று தயாரித்தது உலோகமே அன்று, அதன் நைட்ரைடு என்பதை 1867இல் ரோஸ்கோ காட்டினார். உண்மையான உலோகத்தைப் பிரித்தவரும் அவரே. இருநூறு ஆண்டுகளாக இத்தனிமத்தை வேறொன்றாக எண்ணி ஏமாந்தவர்களின் வரிசையில் பெரியவர்கள் பலர் இருக்கும்போது, ஒரு நாளிதழ்க் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தயாரிப்புமுறை பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான் இருந்தது. அதிலும் "வனேடியம் குளோரைடுடன் சைக்ளோபென்டாடையீனைக் கலந்தால் போதும்" என்று எழுதப்பட்டிருந்தது. கலந்தால் போதாது. எந்தக் குளோரைடு என்பதில்தான் எந்தச் சேர்மம் கிடைக்கும் என்பது அடங்கியிருக்கிறது. சைக்ளோபென்டாடையீன் கடையில் அப்படியே கிடைப்பதில்லை. அதன் இரு மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலேயே ஒன்றோடொன்று கூடி இருபடியாகிவிடும். அந்த இருபடியை 170 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிளந்து, ஏறத்தாழ 41 டிகிரியில் கொதித்துவரும் மெல்லிய திரவத்தைப் பனிக்கட்டியில் வைத்த குடுவையில் பிடித்து, அன்றே பயன்படுத்திவிட வேண்டும். அதை உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பானில் சோடியத்துடன் சேர்த்தால் ஹைட்ரஜன் குமிழிட்டு வெளியேறி, சோடியம் சைக்ளோபென்டாடையீனைடு கிடைக்கும். தூய்மையாக இருந்தால் அது நிறமற்றது. இளஞ்சிவப்பு தட்டியிருந்தால் எங்கோ சிறிது காற்று நுழைந்திருக்கிறது என்று பொருள். புத்தகத்தில் வெள்ளைத் தூள் என்று படித்துவிட்டு ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் இந்த ரோஜா நிறத்தைக் கண்டு முதலில் மகிழ்வதும், காரணம் தெரிந்தபின் முகம் வாடுவதும் நான் பல ஆண்டுகள் பார்த்த காட்சி.

இந்த உப்பை, காற்றில் புகையும் செம்பழுப்புத் திரவமான வனேடியம் டெட்ராகுளோரைடுடன் வினைபுரியச் செய்தால் சோடியம் குளோரைடு விலகி, பச்சை நிற டைகுளோரைடு உருவாகும். வனேடியம் ஏற்கெனவே நான்கு என்ற நிலையில் இருப்பதால் அது அங்கேயே நின்றுவிடுகிறது. வனேடோசீன் வேண்டுமானால் உலோகத்தை இரண்டுக்கு இறக்க வேண்டும். தொடக்கத்தில் டைகுளோரைடை ஹைட்ரைடு ஒன்றால் ஒடுக்கி, வெற்றிடத்தில் 100 டிகிரியில் பதங்கமாக்கிச் சிறிதளவு எடுத்தார்கள். இப்போதைய முறையில் வனேடியம் டிரைகுளோரைடின் டெட்ராஹைட்ரோஃபியூரான் அணைவிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த இளஞ்சிவப்பு அணைவில் துத்தநாகத் தூளைச் சேர்த்துக் கலக்கினால் கரைசல் பச்சையாகும். அந்தப் பச்சையில் சோடியம் உப்பைச் சேர்த்தால் ஊதா பிறக்கும். ஒரே பிற்பகலில் மூன்று நிறங்கள். நடுவில் வரும் பச்சைப் பொருளுக்கும் ஓர் ஆள்மாறாட்டக் கதை உண்டு. அது வனேடியம் டைகுளோரைடின் எளிய அணைவு என்றே ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டு வந்தது. 1980களில் படிக அமைப்பு தீர்க்கப்பட்ட பிறகுதான் அதில் இரண்டு வனேடியம் அணுக்கள் மூன்று குளோரின்களைப் பாலமாகக் கொண்டு நிற்பதும், ஒடுக்கியாகச் சேர்த்த துத்தநாகம் எதிரயனியாக உள்ளேயே தங்கிவிட்டதும் தெரிந்தது.

காற்றுப்புகா ஏற்பாடு என்று கட்டுரை சுருக்கமாகச் சொன்னதன் பொருளை நான் அறிந்துகொண்டது என் ஆராய்ச்சி மாணவப் பருவத்தில். பதங்கமாக்கும் கருவியின் குளிர்விரலில், அதாவது ஆவி படிவதற்காகக் குளிர்வித்து வைக்கும் உட்குழாயில், ஊதாப் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்வதை அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நைட்ரஜனை உள்ளே விட்டுக் கருவியை எடுத்தேன். அடைப்புக் குழாயின் மூட்டில் நான் பூசிய கிரீஸ் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. குளிர்விரலின் மேல்விளிம்பிலிருந்து கருமை ஒரு திரை இறங்குவதுபோல் கீழே படர்ந்தது. உருகுநிலை காண்பதற்காக ஒரு நுண்குழாய் அளவுகூட மிஞ்சவில்லை. மூன்று வார வேலைக்கு எடைப் பதிவேட்டில் நான் எழுதியது ஒரு கோடு மட்டுமே. மீண்டும் செய்து எடுத்தபோது அது 167 டிகிரியை ஒட்டி உருகியது.

இந்த அனுபவத்தைச் சொல்லிவிட்டு, கட்டுரையின் இரண்டாவது பிழையை மறுப்பது முரணாகத் தோன்றலாம். "பதினெட்டு எலக்ட்ரான் விதியை நிறைவு செய்யாததால் வனேடோசீன் நிலையற்ற மூலக்கூறு, தானே சிதைந்துவிடும்" என்று கட்டுரை கூறுகிறது. காற்றில் கெடுவதும் தானே சிதைவதும் ஒன்றல்ல. ஆக்சிஜனும் ஈரமும் இல்லாத குழாயில் அடைத்து வைத்தால் வனேடோசீன் நெடுங்காலம் அப்படியே இருக்கும். சூடாக்கினால் சிதையாமல் உருகும், வெற்றிடத்தில் சிதையாமல் ஆவியாகிப் படியும். மூலக்கூறின் உள்ளுறுதி வேறு, வேறொரு பொருளைக் கண்டால் அதனோடு சேரத் துடிக்கும் வினைத்திறன் வேறு. நம் அன்றாடப் பேச்சில் இரண்டையும் 'நிலையற்றது' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அறிவியல் பக்கத்தில் அப்படிச் செய்ய இயலாது.

உலோகத்தைச் சுற்றிப் பதினெட்டு இணைதிறன் எலக்ட்ரான்கள் நிறைந்தால் இத்தகைய சேர்மம் உறுதியாக இருக்கும் என்பதே அந்த விதி. பதினெட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் இது தெளியும். இரண்டு வளையங்களும் எதிர்மின் அயனிகளாகக் கருதப்பட்டால், தலைக்கு ஆறாகப் பன்னிரண்டு எலக்ட்ரான்களை உலோகத்துக்குத் தருகின்றன. மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கும் முக்கியப் பிணைப்பு இந்தப் பன்னிரண்டில் இருக்கிறது. உலோகத்தின் சொந்த டி எலக்ட்ரான்களுக்கு ஐந்து ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் அறைகள், எஞ்சுகின்றன. அவற்றுள் மூன்று தாழ்ந்த ஆற்றலில் நெருங்கி நிற்கின்றன. இரண்டு பிணைப்புக்கு எதிரானவையாக உயரத்தில் இருக்கின்றன. இரும்புக்கு ஆறு டி எலக்ட்ரான்கள். அவை கீழேயுள்ள மூன்று அறைகளிலும் இரண்டிரண்டாக நிறைந்து கணக்கு பதினெட்டில் சரியாக முடிகிறது. வனேடியத்துக்கு மூன்றே உள்ளன. அந்த மூன்றும் மூன்று அறைகளில் தனித்தனியாக, ஒரே திசைத் தற்சுழற்சியோடு அமர்கின்றன. மொத்தம் பதினைந்து. அறைகளின் ஆற்றல் வேறுபாடு சிறியதாக இருப்பதால், இரண்டு பேர் ஓர் அறையில் நெருக்கியடிப்பதைவிட ஆளுக்கோர் அறை எடுத்துக்கொள்வது மலிவாக முடிகிறது. கட்டுரை சொல்வதுபோல் இது கற்பனைப் படம் அன்று. மூன்று இணையற்ற எலக்ட்ரான்கள் இருந்தால் காந்தத் திருப்புதிறன் 3.87 போர் மேக்னட்டான் வர வேண்டும். அளந்தால் ஏறத்தாழ 3.8 கிடைக்கிறது. ஃபெர்ரோசீனில் எல்லாம் இணைசேர்ந்துவிட்டதால் அது காந்தப்புலத்தால் ஈர்க்கப்படுவதே இல்லை.

எலக்ட்ரான் குறைந்ததன் விலையை வனேடோசீன் வேறு வகையில் கொடுக்கிறது. அதைக் கண்ணால் காணும் வழி, உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள தொலைவு. வனேடோசீனில் அது ஏறத்தாழ 227 பைக்கோமீட்டர். குரோமோசீனில் 217, ஃபெர்ரோசீனில் 206 என்று குறுகுகிறது. பிறகு கோபால்ட்டோசீனில் 212, நிக்கலோசீனில் 218 என்று மீண்டும் நீள்கிறது. வரைபடத்தில் போட்டால் இரும்பை அடிவாரமாகக் கொண்ட ஒரு பள்ளத்தாக்கு. (மாங்கனீசு மட்டும் இந்த ஒழுங்கில் நிற்காது, அதன் கதை தனி.) பள்ளத்தாக்கின் இரு சரிவுகளுக்கும் காரணம் ஒன்றல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கோபால்ட்டிலும் நிக்கலிலும் மிகையான எலக்ட்ரான்கள் பிணைப்பைக் குலைக்கும் உயர் அறைகளுக்குள் புகுந்துவிடுகின்றன. ஆகவேதான் கோபால்ட்டோசீன் தன் பத்தொன்பதாவது எலக்ட்ரானை எவரிடமாவது தள்ளிவிடத் துடிக்கும் வலிமையான ஒடுக்கியாக இருக்கிறது. வனேடியத்தில் குலைக்கும் எலக்ட்ரான் எதுவும் இல்லை. பிணைப்புக்குச் சற்று உதவக்கூடிய அறைகள் பாதி காலியாக இருக்கின்றன, அவ்வளவே. அந்தக் காலியிடம்தான் ஆக்சிஜனுக்கும் பிற விருந்தாளிகளுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால் ஒரு மூலக்கூறை ஏற்றுக்கொண்டு பதினேழு எலக்ட்ரான் சேர்மமாகிறது. டைகுளோரைடும் பதினேழுதான். வனேடியத்தின் ஹெக்சாகார்போனைலும் பதினேழில் நிற்கிறது. பதினெட்டைத் தொட இன்னும் ஒன்றே ஒன்று என்ற நிலையில் நின்றுவிடுவது இத்தனிமத்தின் பழக்கம் போலும்.

ஒருபடி இடப்பக்கம் நகர்ந்து டைட்டேனியத்தைப் பார்த்தால் வனேடோசீனின் அருமை புரியும். எளிய சாண்ட்விச் வடிவில் டைட்டனோசீனைத் தனியாகப் பிரிக்க இயலவில்லை. அது வளையத்தின் ஹைட்ரஜனையே பிடுங்கிக்கொண்டு இருமூலக்கூறாக மாறிவிடுகிறது. இடைநிலை உலோகங்களின் முதல் வரிசையில் இடமிருந்து வலமாக நடக்கும்போது, இணையான இரு வளையங்களுக்கிடையே தனியாக உட்காரும் முதல் உலோகம் வனேடியம். 'நிலையற்றது' என்ற அடைமொழி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியது.

டைகுளோரைடின் வடிவத்தைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. இது பிழை அன்று, விடுபட்டது மட்டுமே. ஆனாலும் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதில்தான் இருப்பதால், கடிதத்தின் எல்லையைச் சற்று மீறிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிற டைட்டனோசீன் டைகுளோரைடுக்கும் பச்சை நிற வனேடோசீன் டைகுளோரைடுக்கும் தோற்றத்தில் ஒரே அச்சு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒற்றை எலக்ட்ரான். டைட்டேனியத்தில் டி எலக்ட்ரான் இல்லை, வனேடியத்தில் ஒன்று உண்டு. அந்த ஒன்று மூலக்கூறில் எங்கே இருக்கிறது? இரண்டு குளோரின்களுக்கும் நடுவே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது 1960களில் முன்வைக்கப்பட்ட கருத்து. அப்படியானால் அது குளோரின்களை இருபுறமும் தள்ள, அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் விரிய வேண்டும். படிகங்களை அளந்தபோது டைட்டேனியத்தில் ஏறத்தாழ 94 டிகிரியாக இருந்த கோணம் வனேடியத்தில் 87ஆகச் சுருங்கியிருந்தது. மாலிப்டினத்தில் இரண்டு டி எலக்ட்ரான்கள், அங்கே 82. எலக்ட்ரான் கூடக்கூடக் குளோரின்கள் நெருங்குகின்றன. அப்படியென்றால் அந்த எலக்ட்ரான் குளோரின்களின் நடுவே இல்லை, அவற்றின் வெளிப்பக்கங்களில் இருந்துகொண்டு உள்நோக்கி நெருக்குகிறது. 1976இல் லாஹரும் ஹாஃப்மனும் வளைந்த மெட்டலோசீன்களின் ஆர்பிட்டால்களை விரிவாகக் கணித்தபோது இதற்கு முழுமையான விளக்கம் கிடைத்தது. ஒரு கோணமானியால் எலக்ட்ரானின் முகவரியைக் கண்டுபிடிப்பதைவிட நேர்த்தியான சான்று வேதியியலில் அதிகம் இல்லை.

அந்த எலக்ட்ரானின் இருப்பை நேரடியாகக் காட்டும் கருவியும் உண்டு. எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு நிறமாலைமானியில் வனேடோசீன் டைகுளோரைடின் கரைசலை வைத்தால், ஒரே கோட்டுக்குப் பதிலாக எட்டுக் கோடுகள் வரிசையாக எழும்புகின்றன. இயற்கை வனேடியத்தில் 99.75 விழுக்காடு, நிறை எண் 51 கொண்ட ஐசோடோப்பு. அதன் உட்கருவின் தற்சுழற்சி 7/2. இணையற்ற எலக்ட்ரான் அந்த உட்கருவை எட்டு நிலைகளில் உணர்வதால் கோடும் எட்டாகப் பிளக்கிறது. தாளில் அந்த எட்டுச் சிகரங்களையும் பேனா வரைந்துகொண்டு போவதைப் பார்த்தவர்கள், வனேடியத்தை இனி எந்தத் தனிமத்தோடும் குழப்ப மாட்டார்கள். டெல் ரியோவுக்கு அந்தக் கருவி கிடைத்திருக்கவில்லை.

மூன்றாவது பிழை மற்ற இரண்டையும்விடக் கவலைக்குரியது. "வனேடோசீன் புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தாக விளங்குகிறது" என்ற வாக்கியத்தில் மூன்று திருத்தங்கள் தேவை. ஆராயப்பட்டது வனேடோசீன் அன்று, வனேடோசீன் டைகுளோரைடும் அதைச் சார்ந்த சேர்மங்களும். குணப்படுத்தும் என்பதற்குப் பதிலாக, எலிகளில் ஏற்படுத்தப்பட்ட கட்டிகளின் வளர்ச்சியையும் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களையும் தடுப்பதாகக் காணப்பட்டது என்று எழுத வேண்டும். மருந்து என்ற சொல்லை அடியோடு நீக்கிவிட வேண்டும். கோப்ஃப், கோப்ஃப்-மையர் ஆகியோர் 1979இல் டைட்டனோசீன் டைகுளோரைடு எலிகளின் ஏர்லிஷ் வயிற்று நீர்க்கோவைப் புற்றுக்கு எதிராகச் செயல்படுவதை வெளியிட்டார்கள். வனேடியச் சேர்மமும் அதையொட்டியே சோதிக்கப்பட்டு, எலிகளில் நல்ல பலன் காட்டியது. மனிதர்களிடம் மருத்துவச் சோதனைக்குச் சென்றது டைட்டேனியச் சேர்மம்தான். அதுவும் இரண்டாம் கட்டத்தில் எதிர்பார்த்த பலனைத் தராததால் கைவிடப்பட்டது. வனேடோசீன் டைகுளோரைடு எந்த நோய்க்கும் ஒப்புதல் பெற்ற மருந்தாகவில்லை.

இச்சேர்மங்களின் மீது ஆர்வம் பிறந்ததற்குக் காரணமாக இருந்த ஒப்புமையும் முழுதாகப் பொருந்திவரவில்லை. சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினம் மருந்தில் இரண்டு குளோரின்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவை விலகிய இடத்தில் பிளாட்டினம் டிஎன்ஏவின் நைட்ரஜன் அணுக்களைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. வனேடோசீன் டைகுளோரைடிலும் இரண்டு குளோரின்கள் அருகருகே இருப்பதால் இதுவும் அவ்வாறே செயல்படும் என்று முதலில் கருதப்பட்டது. டோனியும் மார்க்ஸும் 1985இல் நீரில் இவற்றின் நடத்தையை அளந்து காட்டியபோது, குளோரின்கள் மிக விரைவாக விலகி நீர் அவ்விடத்தைப் பிடித்துவிடுவது தெரிந்தது. டைட்டேனியமும் சிர்கோனியமும் நீரில் தம் வளையங்களையும் இழக்கின்றன. வனேடியம் வளையங்களை நன்றாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது. டிஎன்ஏவிடமோ அது பாஸ்பேட் முனைகளைத் தளர்வாகத் தொட்டு விலகுகிறதே தவிர, பிளாட்டினத்தைப் போல் நைட்ரஜனைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஆகவே சிஸ்பிளாட்டினின் வழியைப் பின்பற்றுகிறது என்று கட்டுரை வரைந்த படமும் மாற வேண்டும். நோயாளியின் வீட்டில் இப்பக்கத்தைப் படிக்கும் ஒருவர், வனேடியம் கலந்த ஊட்டச்சத்து மாத்திரைகளைத் தேடிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. அம்மாத்திரைகளில் இருப்பவை வளையமற்ற எளிய வனேடியம் உப்புகள். இந்த ஆய்வுகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அளவு மீறினால் வனேடியம் நச்சு.

திருத்தம் வெளியிடும்போது, முகப்புப் படத்தின் கீழ் "வனேடோசீன், ஊதா நிறம், வனேடியத்தின் நிலை இரண்டு" என்று குறிப்பிட்டு, மருத்துவ ஆய்வு பற்றிய பத்தியில் பெயர் வரும் எல்லா இடங்களிலும் 'டைகுளோரைடு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுகிறேன். 'மருந்தாக விளங்குகிறது' என்பதை 'விலங்குகளிலும் செல்களிலும் ஆராயப்பட்டது' என மாற்றினால் போதும். இடம் இருந்தால் பச்சைப் படிகங்களின் படத்தையும் ஊதாப் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கனிம வேதியியல் ஆசிரியர் (ஓய்வு)